சொல்லுக்கு முன் உறுப்பைப் பாருங்கள்: தீர்ப்புகளைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும், அப்பணியை மேற்பார்க்கும் மாண்புமிகு நீதியரசர்களுக்கும்,

வணக்கம்.

நான் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். கீழ்க்கோர்ட்டில் தமிழில் பதிவான சாட்சியத்தையும் சான்றாவணங்களையும் மேல்முறையீட்டுக்காக ஆங்கிலமாக்கி, கட்டுக் கட்டாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. நீங்கள் போகும் திசைக்கு நேர் எதிர்த் திசை. ஆனால் சாலை ஒன்றுதான். பள்ளங்களும் அதே இடங்களில்தான் இருக்கின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சொத்து வழக்கு. "முப்பது வருஷமா நிலம் எங்க அனுபவத்துலதான் இருக்கு" என்று ஒரு பெரியவர் கூண்டில் ஏறிச் சொல்லியிருந்தார். நான் அகராதியைப் புரட்டி 'எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதிவிட்டேன். கட்டு மேலே போவதற்கு முன் எங்கள் அலுவலக மேலாளரான சிரஸ்தார் கண்ணில் பட்டது என் நல்ல காலம். "ஏம்ப்பா, நிலத்துக்கு எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்? வேலைக்கு மனுப் போடப் போவுதா?" என்று கேட்டார். நிலத்தைக் கைவசம் வைத்து ஆள்வதைச் சொல்லும், பத்திரத்தில் வரும் 'சுவாதீன அனுபவம்' வேறு; வேலையில் பழகிப் பெறும் அனுபவம் வேறு. அந்தப் பெரியவரின் வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

2019-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் வெளியிடத் தொடங்கியபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. இங்கிருந்து குரல் எழுந்த பிறகே சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'சுவாஸ்' என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளும் வந்தது. தமிழில் ஒரு தீர்ப்பைப் படித்துவிட்டு வக்கீலிடம் கேள்வி கேட்கும் கட்சிக்காரரை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. இனி காண முடியும். அந்த மகிழ்ச்சியோடுதான் இதை எழுதுகிறேன். குறை சொல்வதற்காக அல்ல, கொஞ்சம் பயத்தினால்.

பயம் சொற்பட்டியலைப் பற்றியது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று நிர்ணயித்து, எல்லாத் தீர்ப்பிலும் அதையே இடுவது பார்க்க ஒழுங்காக இருக்கும். விற்பனை வரி வழக்கில், விபத்து இழப்பீட்டு வழக்கில் அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அரசமைப்பு வழக்கில் அது சில இடங்களில் கட்டாயம், சில இடங்களில் ஆபத்து. எங்கே எது என்பதைத்தான் நான் பேச விரும்புகிறேன்.

'கன்சல்டேஷன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு, கலந்தாலோசனை, எதை வைத்தாலும் சரி. அரசமைப்பின் 320-ஆம் உறுப்பு (ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிகிள்'), அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் பணியாளர் தேர்வாணையம் கலந்தாலோசிக்கப்பட வேண்டும் என்கிறது. 1957-இல் மன்போதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படிக் கலந்தாலோசிக்காமல் எடுத்த நடவடிக்கை அதனாலேயே செல்லாததாகிவிடாது என்றது. 124-ஆம் உறுப்பிலும் அதே சொல் இருக்கிறது. நீதிபதி நியமனத்தில் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும். அதற்கு இசைவு என்று பொருள் கொள்ளலாமா? தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்று மாற்றச் சொன்னவர்களுக்கு அரசமைப்பு அவையிலேயே, 1949 மே மாதம், அம்பேத்கர் மறுப்புச் சொல்லிவிட்டார்: தலைமை நீதிபதியும் மனிதர்தான், அவருக்கு வீட்டோ கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதத்தின் சாரம். 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கும் கலந்தாலோசனை வேறு, இசைவு வேறு என்றே சொன்னது. 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வந்தது. தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. நடைமுறையில் கலந்தாலோசனை இசைவாகிவிட்டது. 1998-இல் அந்தத் 'தலைமை நீதிபதி' என்ற சொல்லும் விரிந்து, அவரும் மூத்த நீதிபதிகள் நால்வரும் சேர்ந்த கொலீஜியம் ஆனது. அரசமைப்பில் அந்த இடத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இதைத் தமிழாக்கும்போது உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் ஒரு தவறு நேரக்கூடும். 1993 தீர்ப்பில் 'கன்சல்டேஷன்' வரும் இடங்களில், கடைசியில் நீதிமன்றம் எட்டிய முடிவு தெரியும் என்பதால், 'ஒப்புதல்', 'இசைவு' என்று எழுதத் தோன்றும். எழுதினால் தமிழ் வாசகருக்கு அந்த வழக்கில் சண்டையே இல்லை என்றாகிவிடும். சண்டை அந்தச் சொல்லின் மீதுதான். பெரும்பான்மை நீதிபதிகள் அதை இழுத்து நீட்டினார்கள், இரண்டு நீதிபதிகள் நீளாது என்றார்கள். இழுப்பது தெரிய வேண்டுமானால் கயிறு ஒன்றாக இருக்க வேண்டும். 1957, 1981, 1993, 1998 நான்கிலும் ஒரே தமிழ்ச் சொல்லை வையுங்கள். பொருள் மாறுவதை நீதிபதிகளே காட்டட்டும். வழக்கு எந்தச் சொல்லின் மீது நிற்கிறதோ அந்தச் சொல்லில் மொழிபெயர்ப்பாளர் கை வைக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான இடம் 'ஸ்டேட்'.

முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. அங்கே ஸ்டேட் மாநிலம். 12-ஆம் உறுப்பில் அதே ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்றிய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசுகள், சட்டமன்றங்கள், உள்ளாட்சிகள், 'பிற அதிகார அமைப்புகள்' எல்லாம் சேர்த்துப் பொருள். அங்கே அது 'அரசு'. ஆங்கிலத்தில் எழுதும் நீதிபதிக்கு இரண்டுக்கும் ஒரே சொல் போதும், படிப்பவர் உறுப்பு எண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தமிழ் நம்மைத் தேர்வு செய்ய வைக்கிறது. 1967-இல் ராஜஸ்தான் மின்வாரிய வழக்கிலிருந்து 1980 அஜய் ஹாசியா, 2002 பிரதீப் குமார் பிஸ்வாஸ் வரை நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, மின்வாரியம் 'ஸ்டேட்' ஆகுமா, பொறியியல் கல்லூரியை நடத்தும் சங்கம் 'ஸ்டேட்' ஆகுமா, ஆராய்ச்சி மன்றம் 'ஸ்டேட்' ஆகுமா என்பது. 2005-இல் கிரிக்கெட் வாரியத்தைப் பற்றியும் அதே கேள்வி, ஆகாது என்றார்கள். பட்டியலில் 'ஸ்டேட் = மாநிலம்' என்று ஒரே வரி இருந்தால், "கிரிக்கெட் வாரியம் ஒரு மாநிலமா?" என்று நம் உச்ச நீதிமன்றம் தீவிரமாக ஆலோசித்ததாகத் தமிழ் வாசகர் படிக்க நேரும். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தால் பணிநீக்கம் செய்யப்பட்டு, 'ஸ்டேட்' ஆன அமைப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவைத் தான் போடலாமா கூடாதா என்று தெரியாமல் அலையும் ஒருவர் கையில் அந்தப் பக்கம் இருந்தால் சிரிப்பு வராது.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. சில வேளைகளில் தமிழே வழக்கை முடித்துவைத்துவிடும்.

கோலக்நாத் வழக்கு, 1967. அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் எந்தச் 'சட்ட'த்தையும் அரசு இயற்றக் கூடாது என்கிறது 13-ஆம் உறுப்பு. அரசமைப்பைத் திருத்துவதும் அந்தச் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடங்குமா? 1951-இல் சங்கரி பிரசாத் வழக்கில் அடங்காது என்றார்கள். 1967-இல் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் அடங்கும் என்றார்கள். 1971-இல் 24-ஆவது திருத்தம் வந்து அடங்காது என்று 13-ஆம் உறுப்பிலேயே எழுதியது. 1973-இல் பதின்மூன்று நீதிபதிகள் கேசவானந்த பாரதி வழக்கில் அந்தத் திருத்தத்தை ஏற்றார்கள். ஆனால் 'திருத்தம்' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வரம்பு இருக்கிறது, திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று ஏழு பேர் சொன்னார்கள். இப்போது இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "அரசியல் சட்டத் திருத்தம் ஒரு சட்டமா?" கேள்வியிலேயே பதில் இருக்கிறது, பெயரிலேயே சட்டம் வந்துவிட்டதே! ஆங்கிலத்தில் 'கான்ஸ்டிட்யூஷன்', 'லா' இரண்டும் ஒன்றையொன்று தொடாத சொற்கள். நாம்தான் 'அரசியல் சட்டம்', 'அரசியலமைப்புச் சட்டம்' என்று ஒட்டிவைத்திருக்கிறோம். அன்றாடப் பேச்சுக்கு அது இருக்கட்டும். இந்த வழக்குகளின் தமிழாக்கத்தில் 'அரசமைப்பு' என்று வெறுமனே எழுதுவதுதான் இரு தரப்புக்கும் நியாயம்.

'வகுப்பு' இதைவிடச் சிக்கல். நம் ஊர் வழக்கே அது. சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ.வை நாம் வகுப்புவாரி அரசாணை என்றுதான் சொல்லி வருகிறோம். பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களுக்கு அது செல்லாது என்றானது. அதே நாளில் வெங்கடரமணா வழக்கில் அரசுப் பணிக்கும் அந்தப் பங்கீடு செல்லாது என்ற நீதிமன்றம், அரிசனங்களையும் பின்தங்கிய இந்துக்களையும் 16-ஆம் உறுப்பு சொல்லும் 'பேக்வர்டு கிளாஸ்' என்று ஏற்றுக்கொண்டது. அதாவது 'கம்யூனல்' கூடாது, 'கிளாஸ்' கூடும். ஆங்கிலத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. தமிழில் இரண்டும் வகுப்பு. 'வகுப்புக் கலவரம்' என்றால் மதச் சண்டை, 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு' என்றால் இட ஒதுக்கீடு, 'ஐந்தாம் வகுப்பு' என்றால் பள்ளிக்கூடம். வகுப்புவாரியாகப் பிரித்தது தவறு, ஆனால் வகுப்புக்கு ஒதுக்கலாம் என்று எழுதினால் வாசகர் நீதிமன்றத்தை அல்லவா சந்தேகப்படுவார்?

அடுத்து வந்த நாற்பது ஆண்டு வழக்குகளும் 'கிளாஸ்' என்றால் சாதியா என்பதைச் சுற்றியே நடந்தன. 1962-இல் பாலாஜி வழக்கு, சாதியை மட்டுமே அளவுகோலாக்கக் கூடாது என்றது. 1968-இல் சென்னை மாநில மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய ராஜேந்திரன் வழக்கில், ஒரு சாதியும் குடிமக்களின் ஒரு வகுப்புதான், மொத்தச் சாதியுமே சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியிருந்தால் ஒதுக்கலாம் என்றார்கள். 1992-இல் மண்டல் வழக்கு அதை உறுதிசெய்தது. ஆகவே 'கிளாஸ்' வரும் இடத்தில் 'சாதி' என்று ஒரு தரம்கூட எழுதிவிடக் கூடாது. எழுதினால் 1992-க்கு முன்னாலேயே 1992 வந்துவிடும். 'பேக்வர்டு' என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'பின்தங்கிய' என்றால் தானாகப் பின்தங்கியது. 'பிற்படுத்தப்பட்ட' என்றால் யாரோ பின்னே தள்ளியது. தமிழ்நாடு இரண்டாவதைத் தேர்ந்ததற்கு வரலாறு இருக்கிறது, எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனாலும் எதிர்த் தரப்பு வழக்கறிஞரின் வாதத்தை மொழிபெயர்க்கும்போது அவர் வாயில் 'பிற்படுத்தப்பட்ட' என்று போடலாமா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. ஆங்கிலச் சொல் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறது. துறையின் பெயராகவே நிலைத்துவிட்ட சொல் என்பதால் போடலாம் என்றுதான் கடைசியில் நினைக்கிறேன்.

இனி, நாம் எல்லாருமே செய்தியில் பின்தொடர்ந்த வழக்கு. 200-ஆம் உறுப்பு.

மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம், அல்லது ஒப்புதலை 'வித்ஹோல்ட்' செய்யலாம். இந்த மூன்றாவதைத் தமிழில் 'நிறுத்திவைத்தல்' என்றே பலரும் எழுதினோம். தமிழில் நிறுத்திவைப்பது என்றால் பிறகு விடுவது. சம்பளத்தை நிறுத்திவைத்தார்கள் என்றால் எப்போதாவது வரும். 2023 நவம்பர் 13-ஆம் தேதி தமிழ்நாடு ஆளுநர் பத்து மசோதாக்களை 'வித்ஹோல்ட்' செய்கிறேன் என்று திருப்பி அனுப்பினார். 18-ஆம் தேதி சட்டமன்றம் சிறப்பாகக் கூடி மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். முதல் கட்டத்தில் மசோதா கிடப்பில் இருந்ததா, செத்ததா, உயிரோடு திரும்பியதா? வழக்கின் உயிரே இதுதான். அந்த மாதமே பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சொல்லைத் தனியாகப் படிக்கக் கூடாது, அடுத்து வரும் வரம்புரையோடு (நிபந்தனைப் பகுதியோடு) சேர்த்துப் படிக்க வேண்டும், அதாவது சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்றிருந்தது. 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு அதன் வழியில் சென்று, கால வரம்பும் விதித்து, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் குடியரசுத் தலைவரின் வினாக்களுக்குக் கருத்துரைத்தபோது, கால வரம்பு விதிக்க இயலாது, கருதப்படும் ஒப்புதல் என்பது அரசமைப்பில் இல்லை என்றார்கள். திருப்பி அனுப்பாமல் வெறுமனே தடுத்து வைத்துக்கொள்ள முடியாது என்பதில் மட்டும் அவர்களும் மாறவில்லை.

இந்த மூன்று தீர்ப்புகளின் தமிழிலும் 'நிறுத்திவைத்தல்' இருந்தால் அது ஆளுநர் தரப்புக்குச் சாயும். 'மறுத்தல்' இருந்தால் மசோதா செத்துவிட்டது என்று வேறு பக்கம் சாயும். 'ஒப்புதல் அளிக்காதிருத்தல்' என்று எழுதிப் பார்த்தேன். அழகில்லை. நாக்கில் தடுக்குகிறது. ஆனால் எந்தப் பக்கமும் சாயவில்லை. அதே வரம்புரையில் வரும் 'அஸ் ஸூன் அஸ் பாசிபிள்' என்பதற்குத் தயவுசெய்து 'கூடிய விரைவில்' என்று போடாதீர்கள். நாற்பது வருஷம் அரசாங்கக் கடிதங்கள் பார்த்தவன் சொல்கிறேன், அலுவலகத் தமிழில் கூடிய விரைவில் என்பது 'ஆவன செய்யப்படும்' என்பதற்குத் தம்பி. 'இயன்ற அளவு விரைவாக' என்றால் விரைவு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அமைச்சரவையின் 'அட்வைஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. அறிவுரை, ஆலோசனை எல்லாம் வீட்டில் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம். 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கிலிருந்து அது ஆளுநரைப் பொதுவாகக் கட்டுப்படுத்துவது. 2022 மே மாதம் பேரறிவாளன் விடுதலையானதற்கு, தண்டனைக் குறைப்பு பற்றிய 161-ஆம் உறுப்பின்படி அமைச்சரவை தந்த அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்பதே அடிப்படை. இங்கே சொல்லை மாற்ற வேண்டாம், முதல் முறை வரும்போது ஒரு அடிக்குறிப்பு போதும்.

இதுவரை சொன்னது சொல்லைப் பற்றி. யார் சொன்னது என்பது அதைவிட அதிகமாகத் தவறும் இடம், அதற்குக் காரணம் நம் வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் 'கற்றறிந்த வழக்கறிஞர் வாதிடுவதாவது' என்பது தலைப்பில் வந்துவிடும். தமிழில் 'என்று வாதிட்டார்' கடைசியில் வரும். பத்து வரி ஆங்கில வாக்கியத்தை வாசகர் மூச்சுவிடும்படி நான்காக வெட்டுகிறோம், வெட்டவும் வேண்டும். ஆனால் 'என்று வாதிட்டார்' நான்காவது வாக்கியத்தில் மட்டும் தொங்கும். முதல் மூன்றும் நீதிமன்றமே சொன்னதுபோல் நிற்கும். யாராவது அந்த மூன்றை மட்டும் வெட்டி எடுத்துக் கைப்பேசியில் பரப்பினால், தோற்ற தரப்பின் வாதம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பாகிவிடும். கேசவானந்த பாரதியில் பதினொரு தனித்தனித் தீர்ப்புரைகள். யார் பெரும்பான்மை, யார் மாறுபட்டார் என்பதைத் தலைப்பில் ஒரு முறை சொன்னால் போதாது; பக்கத்துக்குப் பக்கம், மேலே ஒரு வரியாக, 'மனுதாரர் வாதம்', 'பெரும்பான்மை', 'மாறுபட்ட தீர்ப்பு' என்று இருக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் அப்படி இல்லையே என்று சொல்வீர்கள். மூலத்துக்கு அது தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகிறது.

இயந்திரத்தின் மீது எனக்குப் பகை இல்லை. ஏதோ ஒரு கருவி 'ஆர்ட்டிகிள் 21' என்பதைக் 'கட்டுரை 21' என்று தந்ததைப் பார்த்து என் பேத்தியும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அவ்வளவுதான். அது கண் முன் நிற்கும் வாக்கியத்தைப் பார்க்கிறது. 320-ஆம் உறுப்பா 124-ஆம் உறுப்பா, 1981-ஆ 1993-ஆ, பேசுவது வக்கீலா நீதிபதியா என்பதெல்லாம் பல நேரம் வாக்கியத்துக்கு வெளியே, நாற்பது பக்கத்துக்கு அப்பால் இருக்கிறது. அந்த நாற்பது பக்கத்தையும் படித்த ஓர் ஆள் கடைசியில் கையெழுத்திட வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் சிறியவை. நீங்கள் பயன்படுத்தும் சொற்பட்டியலை வெளியிடுங்கள். அதில் சொல்லுக்குப் பக்கத்தில் உறுப்பு எண்ணுக்கும் ஒரு பத்தி விடுங்கள். வழக்கே ஒரு சொல்லின் பொருளைப் பற்றியது என்றால் முதல் பக்கத்திலேயே அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் கொடுத்து, இதற்கு இந்தத் தமிழ்ச் சொல்லை வைத்திருக்கிறோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். தமிழாக்கம் கட்சிக்காரர் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, ஆங்கிலமே அதிகாரபூர்வமானது என்ற பொறுப்புத்துறப்பை நீங்கள் போடுவது தெரியும்; உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்னும் 348-ஆம் உறுப்பு இருக்கும்வரை வேறு வழியும் இல்லை. ஆனால் புரிந்துகொள்வதற்கு மட்டுமே என்று சொல்லும் பிரதிதான் தவறாகப் புரிய வைக்கவே கூடாத பிரதி.

என்னிடம் பணிக்காலத்தில் எழுதிய குறிப்பேடுகள் மூன்று இருக்கின்றன. பத்திரச் சொற்கள், சாட்சிக் கூண்டுச் சொற்கள், எங்கள் மாவட்டத்துக்கே உரிய நில அளவைப் பெயர்கள், நான் செய்த பிழைகள் எல்லாம் அதில் உண்டு. 'அனுபவம்' முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது. வேண்டுமென்றால் நகல் எடுத்து அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்